சிறுவர் நூல்களில் புற்றுநோய்: அழுகையும் பெருமிதமும்

புற்றுநோயுற்ற சிறுவரைக் கதைமாந்தராகக் கொண்ட நூல்களைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் 'உள்ளத்தை உருக்குகிறது' என்னும் பாராட்டோடு நின்றுவிடுகின்றன. உருக்குதல் ஒன்றே ஒரு நூலுக்குத் தகுதியாகுமா என்பது நாம் இங்கு எழுப்பும் வினா.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்குரிய நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினைக் கூறுவார். பிறரால் எளியராகக் கருதப்படுதல், உரியதை இழத்தல், முன்னைய நிலையிலிருந்து தளர்தல், இல்லாமையால் வருந்துதல் ஆகிய இவை நோயுற்ற குழந்தையைச் சுற்றி எளிதில் வந்து சேர்கின்றன. ஆதலால் வாசகரை அழவைத்தல் எழுத்தாளர்க்கு அரிய செயல் அன்று. பெருமிதத்தின் நிலைக்களன்களுள் ஒன்றாக அவர் வைக்கும் தறுகண்மையை அதே குழந்தையிடம் காட்டுவதுதான் அரிது. இவ்வளவுகோலைக் கொண்டு மூன்று நூல்களை நோக்குவோம்.

சடாக்கோ: குறைக்கப்பட்ட எண்ணிக்கை

எலினோர் கோயர் 1977இல் எழுதிய 'சடாக்கோ அண்ட் த தௌசண்ட் பேப்பர் கிரேன்ஸ்' உண்மை வாழ்வைத் தழுவியது. ஹிரோஷிமாவில் 1945இல் அணுகுண்டு வீழ்ந்தபோது இரண்டு வயதினளாக இருந்த சடாக்கோ சசாக்கி, குருதிப் புற்றுநோயால் 1955 அக்டோபர் 25ஆம் நாள் தன் பன்னிரண்டாம் வயதில் இறந்தாள். ஆயிரம் காகிதக் கொக்குகளை மடித்தால் விழைந்தது கைகூடும் என்ற ஜப்பானிய நம்பிக்கையின்படி அவள் மருந்து சுற்றிவந்த தாள்களையும் விடாது மடித்தாள்.

கோயரின் கதையில் அவள் 644 கொக்குகளோடு ஓய்ந்துவிடுகிறாள். எஞ்சிய 356ஐத் தோழர்கள் மடித்து நிறைவுசெய்கின்றனர். ஆனால் ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகமும் சடாக்கோவின் தமையனாரும் அவள் ஆயிரத்தைக் கடந்தும் மடித்தாள் என்றே கூறுகின்றனர். இவ்வேறுபாட்டைத் தகவற்பிழை என ஒதுக்கிவிட இயலாது. 644இல் நின்றுவிடும் குழந்தை இழவின் உருவம். ஆயிரத்தை முடித்து, நோய் தீராமை கண்ட பின்னும் மீண்டும் தாளைக் கையில் எடுக்கும் குழந்தையோ தறுகண்மையின் உருவம். கோயர் முன்னதைத் தேர்ந்துகொண்டார். அணுகுண்டின் கொடுமையை உலகச் சிறுவரிடம் கொண்டுசேர்த்த பெருமை இந்நூலுக்கு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் நம் கண்ணீர் பெருகும்பொருட்டு ஒரு சிறுமி செய்து முடித்த செயல் அவளிடமிருந்து கழிக்கப்பட்டுள்ளது.

சாம்: வினவும் குழந்தை

சாலி நிக்கோல்ஸ் 2008இல் வெளியிட்ட 'வேய்ஸ் டு லிவ் ஃபாரெவர்' கதையைக் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிடுகிறது. பதினொரு வயதுச் சாம் குருதிப் புற்றுநோயாளி. வான்கப்பலில் பறத்தல், கீழிறங்கும் மின்படியில் மேலேறுதல் எனத் தன் விருப்பங்களைப் பட்டியலிடுகிறான். சாவைப் பற்றிப் பெரியவர்கள் விடைகூறாத வினாக்களையும் அடுக்குகிறான். அவனுடைய நண்பன் பெலிக்சும் புற்றுநோயாளியே. இருவரும் கூடும் இடங்களில் நகையே மேலோங்குகிறது. பெலிக்ஸ் கதையின் இடையிலேயே இறந்துவிடுவதால், தனக்கு வரவிருப்பதைச் சாம் முன்னதாகவே காண்கிறான்.

நூலின் இறுதியில், சாம் எழுதிவைத்துச் சென்ற படிவம் ஒன்றைப் பெற்றோர் நிரப்புகின்றனர். தன் இறப்பைப் பற்றிய வினாக்களைக்கூடத் தானே வகுத்துச் செல்லும் இவனைக் கண்டு நாம் இரங்குவதைக் காட்டிலும் வியக்கிறோம். அழுகை இங்கும் உண்டு. ஆனால் அது பெருமிதத்தின் பின்னே வருகிறது.

ஸ்டீவன்: நோயுறாத தமையன்

ஜோர்டன் சோனன்பிளிக் 2004இல் எழுதிய 'டிரம்ஸ், கேர்ல்ஸ் அண்ட் டேஞ்சரஸ் பை' நோயாளியை விடுத்து அவன் தமையனைப் பேசவைக்கிறது. பள்ளி ஆசிரியராக இருந்த சோனன்பிளிக், தம்பிக்குப் புற்றுநோய் கண்ட தம் மாணவர் ஒருவருக்குக் கொடுக்கத் தக்க நூல் கிடைக்காமையால் இதனை எழுதினார். தம்பி ஜெப்ரியின் நோயால் தாய் வேலையை விடுகிறாள். தந்தை பேச்சற்றுப் போகிறார். செலவு குடும்பத்தை நெருக்குகிறது. பதின்மூன்று வயது ஸ்டீவன் பாடங்களில் பின்தங்குவதை வீட்டில் எவரும் கவனிப்பதில்லை. வறுமையும் அசைவும் நோயாளியோடு நில்லாமல் குடும்பம் முழுவதும் பரவுவதை இந்நூல் நகைச்சுவை குன்றாமல் காட்டுகிறது. தம்பியின்மேல் எழும் சினத்தையும் அன்பையும் ஒருங்கே ஒப்புக்கொள்ளும் அவனது நேர்மையையும் தறுகண்மையின் ஒரு கூறாகவே நாம் கொள்கிறோம். ஜெப்ரி பிழைத்திருப்பதோடு கதை முடிகிறது.

மதிப்பீடு

சடாக்கோ இறந்த காலத்தில் குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்கு நிலையான தீர்வு இல்லை. இன்று வருவாய் மிக்க நாடுகளில் புற்றுநோயுற்ற குழந்தைகளுள் 80 விழுக்காட்டினருக்கும் மேற்பட்டோர் குணமடைகின்றனர் என்றும், வருவாய் குறைந்த நாடுகள் பலவற்றில் அவ்வளவு 30 விழுக்காட்டிற்கும் கீழே உள்ளது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. குழந்தை இறக்கும் கதை பொய் ஆகாது. ஆனால் குழந்தைகள் இறந்துகொண்டே இருக்கும் நூலடுக்கு முழு உண்மையையும் கூறுவதாகாது. அவ்வடுக்கிலிருந்து நூலெடுப்பது சிகிச்சை பெற்றுவரும் ஒரு சிறுவனாகவும் இருக்கலாம்.

ஆகவே நூலைத் தேர்ந்து கொடுக்கும் ஆசிரியரும் பெற்றோரும் 'இது அழவைக்குமா?' என்பதோடு நில்லாது, 'இக்குழந்தை தன் கதையில் எதனைச் செய்கிறது?' என்றும் வினவுதல் வேண்டும். சாமும் ஸ்டீவனும் இவ்வினாவிற்கு விடை தருகின்றனர். சடாக்கோவின் கதையை வகுப்பில் கற்பிப்போர், நூல் கூறும் 644ஓடு நின்றுவிடாமல் அவள் ஆயிரத்தைக் கடந்ததையும் மாணவர்க்குச் சொல்லவேண்டும். அது அவளுக்கு உரியது.