மைமோனிடஸின் படைப்புக் கொள்கை: ஒரு திறனாய்வு

நமது இறையியல் கல்லூரிகளில் பயின்றோர் தாமஸ் அக்குவினாஸின் பெயரை அறியாதிரார். அவர் தம் நூல்களில் 'ரபி மோசே' என்று மதிப்போடு குறிப்பிடும் யூத அறிஞரை அறிந்தவர்களோ மிகச் சிலர். ஸ்பெயின் நாட்டுக் கோர்தோபாவில் 1138ஆம் ஆண்டளவில் பிறந்து, எகிப்தின் ஃபுஸ்தாத் நகரில் மருத்துவராகவும் யூத சமுதாயத்தின் தலைவராகவும் வாழ்ந்து, 1204இல் மறைந்த மோசே மைமோனிடஸே அவர். ஏறக்குறைய 1190இல் அவர் அரபு மொழியில், எபிரெய எழுத்துகளைக் கொண்டு எழுதி முடித்த நூல் 'திகைப்புற்றோர்க்கு வழிகாட்டி'. அந்நூலில் படைப்பைப் பற்றிய பகுதியையும் கடவுளின் பராமரிப்பைப் பற்றிய பகுதியையும் ஈண்டு ஆராய முற்படுகிறோம். முன்னதில் அவரிடம் நாம் கற்க வேண்டியது மிகுதி. பின்னதில் அவரோடு உடன்பட நம்மால் இயலவில்லை.

திருவேங்கடத்திலோ அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலோ ஊழியம் செய்யும் போதகர் ஒருவர் படைப்பைப் பற்றிப் பேசப் புகுந்தால், அவர் எதிர்கொள்ளும் வினா இதுவாகவே இருக்கும்: குடம் வனையக் குயவன் மட்டும் போதுமா, மண் வேண்டாமா? சிவனையும் திருமாலையும் ஒரே திருமேனியில் வழிபடும் சங்கரநாராயணர் கோயில் சங்கரன்கோவிலில் உள்ளது. சைவ சித்தாந்தத்தின் சொற்கள் அவ்வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. இறைவன் குயவனைப் போல நிமித்த காரணன். மாயை மண்ணைப் போல முதற்காரணம். அவனது சக்தி, தண்டும் திகிரியும் போலத் துணைக்காரணம். இல்லதிலிருந்து உள்ளது தோன்றாது என்பது அந்நெறியின் உறுதி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டாரும் அவர் மாணாக்கர் அருணந்தி சிவாசாரியாரும் இதனை நுட்பமாக நிலைநாட்டினர். நமது பிரசங்கிகளோ, 'கடவுளால் எல்லாம் கூடும்' என்று ஒரே மூச்சில் இதனைக் கடந்துவிடுகின்றனர். அல்லது, வீட்டைக் கட்டியவன் ஒருவன் உண்டு, ஆதலால் உலகைக் கட்டியவரும் உண்டு என வாதிக்கின்றனர். இவ்வாதம் சித்தாந்திக்கும் உடன்பாடே. வீடு கட்டியவனுக்குக் கல்லும் மரமும் வேண்டியிருந்தன அல்லவா என்று அவர் திருப்பிக் கேட்டால் நம்மவரிடம் விடை இல்லை.

மைமோனிடஸ் இவ்வினாவை நன்கு அறிந்தவர். வழிகாட்டியின் இரண்டாம் பாகம் 13ஆம் அதிகாரத்தில் படைப்பைப் பற்றிய மூன்று கருத்துகளை அவர் எடுத்துரைக்கிறார். முற்றிலும் இன்மையிலிருந்து கடவுள் தம் சித்தத்தால் உலகைத் தோற்றுவித்தார் என்பது மோசேயின் நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்வோரின் கருத்து. என்றுமுள்ள மூலப்பொருளிலிருந்து கடவுள் உலகை உருவாக்கினார் என்பது பிளேட்டோவின் கருத்து. இதனை விளக்க மைமோனிடஸ் காட்டும் உவமை குயவனும் களிமண்ணுமே! உலகம் இப்போதுள்ளவாறே என்றும் இருந்தது என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. கெய்ரோவின் அருகில் எழுதப்பட்ட ஏட்டில் நம் ஊர்க் குயவனைக் காண்கையில் வியப்பு உண்டாகிறது.

இன்மையிலிருந்து ஒன்றும் தோன்றாது என்ற தடைக்கு அவர் கூறும் விடை ஒரு கதை வடிவில் உள்ளது. பிறந்து சில மாதங்களில் தாயை இழந்த குழந்தை ஒன்று, பெண்களே இல்லாத தீவில் தந்தையால் வளர்க்கப்படுகிறது. வளர்ந்தபின், மனிதர் எவ்வாறு உண்டாகின்றனர் என்று அது வினவுகிறது. ஒரு வயிற்றினுள் மூச்சின்றி, வாயால் உண்ணாமல் மாதக்கணக்கில் இருந்தோம் என்று சொன்னால் அப்பிள்ளை நம்புமா? மூச்சு நின்றால் மனிதன் இறப்பான் என்பதைக் கண்ணாரக் கண்ட பிள்ளை, இது கூடாத காரியம் என்று பல நியாயங்களால் மெய்ப்பித்துக் காட்டும். நிறைவுற்ற பொருளின் இயல்பைக் கொண்டு அது உண்டான விதத்தைத் தீர்மானிக்க முற்படுவது இப்பிள்ளையின் பிழையே என்கிறார் மைமோனிடஸ். உலகம் உண்டானபின் அதனுள் மண்ணின்றிக் குடம் இல்லை. அதனால் உலகமே மண்ணின்றி உண்டாகவில்லை என்று முடிவு கட்டுவது எங்ஙனம்?

இவ்விடத்தில் அவர் நின்றுவிடுகிறார். அவரது பெருமையும் இங்கேதான் உள்ளது. அவருக்கு முன்னர், 933இல் சஆதியா காவோன் எழுதிய நூல், உலகம் தொடக்கமுடையது என்பதை நான்கு வாதங்களால் நிறுவ முயன்றது. இஸ்லாமிய கலாம் அறிஞரும் அவ்வழியே சென்றனர். மைமோனிடஸ் அவ்வழியை ஏற்கவில்லை. உலகம் என்றுமுள்ளது என்பதை அரிஸ்டாட்டில் மெய்ப்பிக்கவில்லை. தொடக்கமுடையது என்பதை நாமும் மெய்ப்பிக்க இயலாது என்று வெளிப்படையாகவே எழுதினார். கடவுள் உண்டு என்னும் உண்மையை நிலைநாட்டும்போதும், உலகம் என்றுமுள்ளது எனும் எதிர்த்தரப்பை வாதத்துக்காக ஏற்றுக்கொண்டே அதனைச் செய்தார். வலுவற்ற தூணின்மேல் பெருஞ்சுமையை ஏற்றலாகாது என்பது அவர் கருத்து. அக்குவினாஸும் பின்னர், உலகின் தொடக்கம் விசுவாசத்தால் ஏற்கப்படுவதே என்றார். எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 11ஆம் அதிகாரமும் உலகங்கள் உண்டானதை விசுவாசத்தினாலே அறிகிறோம் என்றுதானே கூறுகிறது? தமிழ்நாட்டில் 'பகுத்தறிவு' என்ற சொல்லை ஓர் இயக்கம் தனதாக்கிக்கொண்டமையால், நம்மவர் அச்சொல்லைக் கேட்டவுடன் ஒன்று அஞ்சுகின்றனர், அல்லது அறிவியலைக் கொண்டே ஆதியாகமத்தை மெய்ப்பிக்க ஓடுகின்றனர். இரண்டும் வேண்டாத வேலை.

25ஆம் அதிகாரம் இன்னும் துணிவானது. வேத வாக்கியம் தடுப்பதனால் அரிஸ்டாட்டிலை மறுக்கவில்லை. கடவுளுக்குக் கையும் கண்ணும் உண்டு என்னும் வாக்கியங்களுக்கு உவமைப் பொருள் கண்டதுபோல் இவற்றுக்கும் காண இயலும் என்கிறார். அரிஸ்டாட்டில் கூறும் மாறாத அவசியம் அற்புதத்துக்கும் கட்டளைக்கும் இடம் தராது. பிளேட்டோவின் மூலப்பொருளோ நியாயப்பிரமாணத்தின் அடிப்படையைக் குலைக்காது. ஆயினும் அது மெய்ப்பிக்கப்படாததால் அதனை ஏற்க வேண்டிய கட்டாயமில்லை என்பது அவர் தீர்ப்பு. சித்தாந்திகளோடு உரையாடுவோர் இதனை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். மாயையைப் பற்றிய வழக்கில் நாம் செலவிடும் ஆற்றல் மிகுதி. நமக்கும் அவர்களுக்கும் உள்ள மெய்யான வேறுபாடு மண்ணில் இல்லை, உயிரில் உள்ளது. பசுவாகிய உயிரும் அதனைப் பற்றிய ஆணவமும் அநாதி, அதாவது படைக்கப்படாதவை என்கிறது சித்தாந்தம். மைமோனிடஸ் இதனை எதிர்கொள்ளவில்லை; ஆதலால் அங்கு அவர் நமக்குத் துணைவர மாட்டார். மேலும், பழைய திருப்புதலில் நாம் வாசிக்கும் 'சிருஷ்டி' என்ற சொல்லின் வடமொழி வேர், வெளிவிடுதல் என்னும் பொருளுடையது. இன்மையிலிருந்து தோற்றுவித்தல் என்ற பொருளை அச்சொல் தானே சுமப்பதில்லை. போதகரே அதனை விளக்கியாக வேண்டும்.

கடவுளைப் பற்றி 'இன்னதல்லர்' என்று மட்டுமே கூறலாம் என்ற அவரது மறைக்கொள்கையை விரித்துரைக்க இங்கு இடமில்லை. அக்குவினாஸ் அதனை ஏற்கவில்லை என்பதை மட்டும் குறித்து, பராமரிப்புக்கு வருகிறோம்.

மைமோனிடஸின் தம்பி தாவீது வணிகத்துக்காக இந்தியாவை நோக்கிக் கடற்பயணம் செய்தவர். இந்துமாக்கடலில் அவர் மூழ்கி இறந்தார். குடும்பத்தின் பொருளும் பிறர் பொருளும் அவரோடு அழிந்தன. ஏறத்தாழ ஓராண்டு தாம் படுக்கையில் கிடந்ததையும், எட்டாண்டுகள் கழிந்தும் தேற்றமின்றித் துயருறுவதையும் மைமோனிடஸ் ஒரு கடிதத்தில் எழுதியுள்ளார். அதன்பின் எழுதப்பட்ட வழிகாட்டியின் மூன்றாம் பாகம் 17ஆம் அதிகாரத்தில் ஒரு கப்பல் மூழ்குகிறது. கப்பல் கவிழ்ந்தது தற்செயலாயினும், அதிலிருந்தோர் அதில் ஏறியது தற்செயலன்று. நாம் அறிய இயலாத தெய்வ நீதியின்படியே என்கிறார். தொடர்ந்து, தனிமனிதரைக் கடவுள் காப்பது அவரவர் அறிவின் அளவைப் பொறுத்தது என்றும் கூறுகிறார். தம்பியைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. படைப்பைப் பற்றி 'நாம் அறியோம்' என்று நிற்கத் தெரிந்தவர், பராமரிப்பில் அளவுகோல் ஒன்றைக் கையில் எடுத்தது ஏன்? அறிவே கடவுளோடு நம்மை இணைக்கும் கயிறு என்ற அரிஸ்டாட்டிலின் மரபை அவரால் விட முடியவில்லை என்றே நாம் கருதுகிறோம். 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று மக்கள் வழங்கும் பட்டறையில் குச்சி அடுக்கும் எழுத்தறியாத விசுவாசி ஒருத்தியை இக்கொள்கை எங்கே நிறுத்தும்? அவளது அடக்க ஆராதனையில் எந்தப் போதகர் இதனைப் பேசத் துணிவார்?

இதற்கு மறுப்பு யூத மரபிலேயே எழுந்தது. 1391இல் பார்சலோனாவில் யூதர்மேல் நிகழ்ந்த படுகொலையில் தம் ஒரே மகனைப் பறிகொடுத்த ஹஸ்தாய் கிரெஸ்காஸ், 1410இல் முடித்த 'ஆண்டவரின் ஒளி' என்ற நூலில், ஆன்மாவைக் கடவுளோடு பிணைப்பது தேடிச் சேர்த்த அறிவன்று, அன்பே என்று வாதிட்டார். அவர் அறிவைத் துறந்தவரும் அல்லர். வழிகாட்டியின் இரண்டாம் பாகத் தொடக்கத்தில் மைமோனிடஸ் நிறுத்திய அரிஸ்டாட்டிலியக் கூற்றுகளை வரிசையாக எடுத்து, தருக்க முறையாலேயே ஆய்ந்து குறைகண்டவர்.

மாணவர்கள் வழிகாட்டியை முதல் ஏட்டிலிருந்து வாசிக்கப் புகுந்தால், எபிரெயச் சொற்களின் நீண்ட விளக்கங்களில் சோர்ந்துபோவர். இரண்டாம் பாகத்தின் 13 முதல் 25 வரையுள்ள அதிகாரங்களை முதலில் வாசித்து, பின்னர் மூன்றாம் பாகத்தின் 17ஆம் அதிகாரத்துக்குச் செல்லலாம். அதற்கு முன், தம்பியின் மரணத்தைப் பற்றிய கடிதத்தை ஒருமுறை வாசித்துவிடுவது நலம்.