பெயரைச் சொல்லிவிட்டுப் பேசு

பெயர் போடாமல் எழுதப்பட்ட கடிதத்துக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு: மொட்டைக் கடுதாசி. கீழே கையெழுத்து இல்லாமல் வெறுமையாக இருப்பதால் மொட்டை. தலைமழிக்கப்பட்ட கைம்பெண்ணை ஏசுவதற்கான வசைச்சொல்லையும் இதே சொல்லிலிருந்துதான் உண்டாக்கினார்கள். கேட்க நாதியற்றது, ஆகவே பொருட்படுத்தத் தேவையில்லாதது என்ற எண்ணம் இரண்டிலும் இருக்கிறது.

மொட்டைக் கடுதாசியைக் கண்டு நம் பெண்கள் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டுக்கு நாலு வரி எழுதிப் போட்டால் போதும், கல்யாணம் நின்றுவிடும். எழுதியவன் யாரென்று கடைசிவரை தெரியாது. எழுதப்பட்டவளின் பெயரோ ஊருக்கே தெரிந்துவிடும். இந்தப் பழைய காயத்தோடுதான் நாம் இணையத்துக்கும் வந்திருக்கிறோம். அங்கே பெண்கள்மீது கொட்டப்படும் வசைகளைப் பார்த்துவிட்டு, "யாரென்று சொல்லாதவர்களை உள்ளே விடவே கூடாது, பதிவு செய்துகொண்டவர்கள் மட்டும் பேசட்டும்" என்று பெண்ணியவாதிகளே கேட்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் இந்தக் கோரிக்கையைச் சட்டமாகவே ஆக்கி ஐந்தாண்டுகள் நடத்திப் பார்த்த நாடு ஒன்று இருக்கிறது. அங்கே பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

தென் கொரியாவில் 2007இல் அந்தச் சட்டம் வந்தது. பெரிய இணையதளங்களில் எதையாவது எழுத வேண்டுமென்றால், தான் இன்னார் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். வெளியே புனைபெயர் இருக்கலாம். உண்மைப் பெயர் தளத்தை நடத்துபவரிடம் இருக்கும். பெயரை உறுதிசெய்யப் பயன்பட்டது, ஒவ்வொரு குடிமகனுக்கும் குடிமகளுக்கும் அரசு கொடுக்கும் 13 இலக்க எண். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. ஏழாவது இலக்கம் பாலினம்: ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. அதாவது, ஒரு பெண் வாய் திறப்பதற்கு முன்பே அவள் பெண், இன்ன வயதினள் என்பது ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினியில் ஏறிவிடும்.

வசை நின்றதா? நடிகை சோய் ஜின் சில் 2008 அக்டோபரில் இறந்தார். அவரைப் பற்றி இணையத்தில் பரவிய வதந்திகள் அப்போது நாட்டையே உலுக்கிய பேச்சாயின. அவை பரவியது சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில்தான். 2011 ஜூலையில் நாட்டின் பெரிய இணைய நிறுவனம் ஒன்றிலிருந்து ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. மொத்த மக்கள்தொகையே ஐந்து கோடிதான். 2012 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பால் சட்டத்தை ரத்து செய்தது. சட்டவிரோதப் பதிவுகள் குறிப்பிடும்படி குறையவில்லை, பேச்சுரிமைதான் சுருங்கியது என்பது தீர்ப்பின் சாரம். அதற்குப் பிறகும் உறுப்பினராகச் சேர்ந்தவர்கள் மட்டுமே எழுதக்கூடிய பெரும் தளங்களில் வசை தொடர்ந்தது. 2019இல் சுல்லி, கூ ஹாரா என்ற இரண்டு இளம் பாடகிகள் ஆறு வார இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள்; சுல்லி இறந்த பிறகு டௌமும், கூ ஹாராவும் இறந்த பிறகு நேவரும் பொழுதுபோக்குச் செய்திகளுக்குக் கீழே வாசகர் எழுதும் பகுதியையே மூடின. பெண்ணை ஏசுகிறவனுக்குப் பதிவு செய்துகொள்வது ஒரு தடையே இல்லை. அவனுக்கு வெட்கப்பட என்ன இருக்கிறது? ஊரே அவன் பக்கம் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தானே எழுதுகிறான்.

பதிவு தடுப்பது வேறு ஆட்களை. அவர்கள் யாரென்று பார்க்க இணையத்தை விட்டுச் சற்றுத் தெருவுக்கு வரவேண்டும். 2016 மே 17 அதிகாலை, சியோல் நகரின் கங்னம் ரயில் நிலையத்துக்கு அருகில், ஆண் பெண் இருபாலரும் பயன்படுத்தும் கழிப்பறை ஒன்றில் ஓர் இளம்பெண் குத்திக் கொல்லப்பட்டாள். கொன்றவனுக்கு அவள் யாரென்றே தெரியாது. உள்ளே வந்துபோன ஆறு ஆண்களை விட்டுவிட்டு, முதலில் வந்த பெண்ணைக் கொன்றான். பெண்கள் தன்னை மதிக்கவில்லை என்றான். இது பெண்வெறுப்புக் குற்றம் அல்ல, மனநோய் என்றது காவல்துறை. நிலையத்தின் 10ஆம் எண் வாயிலில் பெண்கள் வந்து ஒட்டுத்தாள்களை ஒட்டத் தொடங்கினார்கள். உள்ளங்கை அளவு மஞ்சள், இளஞ்சிவப்புத் தாள்கள், ஆயிரக்கணக்கில். நான் தற்செயலாக உயிரோடு இருக்கிறேன், அங்கே போயிருந்தால் அது நானாக இருந்திருக்கும் என்பதுதான் திரும்பத் திரும்ப எழுதப்பட்டது. அதோடு சேர்த்துத் தமக்கு நடந்தவற்றையும் எழுதினார்கள். கீழே பெயர் இருக்கவில்லை. நம் ஊர்க் கணக்கில் அத்தனையும் மொட்டைக் கடுதாசிகள்.

அந்தச் சுவர் எல்லோருக்கும் திறந்திருந்தது. ஆகவே எதிர்ப்பவர்களும் வந்தார்கள். எல்லா ஆண்களையும் குற்றவாளி ஆக்காதே என்று வாதிட்டார்கள். அஞ்சலி செலுத்த வந்த பெண்களைப் படமெடுத்து, பெண்வெறுப்புக்குப் பேர்போன தளத்தில் போட்டு முகத்தையும் உடலையும் கேலி செய்தார்கள். அதனால் பல பெண்கள் முகக்கவசம் அணிந்து வந்தார்கள். ஆனால் யாரும் சுவருக்கு முன்னால் மேசை போட்டு அடையாள அட்டை கேட்கவில்லை. மாறாகத் தன்னார்வலர்கள் காவல் இருந்தார்கள், தாள்களை ஒழுங்குபடுத்தினார்கள், மழை வரும் என்றதும் பத்திரமாகக் கழற்றி எடுத்தார்கள். ஒரு நாளிதழ் 1004 தாள்களின் வாசகங்களைப் படியெடுத்துப் புத்தகமாக்கியது. கொரியப் பெண்ணிய இயக்கத்தின் அண்மைக்கால எழுச்சி இந்தச் சுவரிலிருந்து வேகம் பெற்றது என்று சொல்லாத கட்டுரை குறைவு. அங்கே மேசை போட்டிருந்தால் எத்தனை தாள் மிஞ்சியிருக்கும்?

இங்கே ஒருவர் குறுக்கிட்டு 'என் அறை' வழக்கை நினைவூட்டலாம். நினைவூட்ட வேண்டும். 2018 தொடங்கி 2020 வரை டெலிகிராமின் ரகசிய அறைகளில், சிறுமிகள் உட்படப் பல பெண்களை மிரட்டிப் படமெடுத்து விற்றார்கள். பார்த்த ஆண்கள் எவருக்கும் பெயர் இல்லை. பெயரின்மையின் கொடூர முகம் இதுதான் என்று தோன்றும். சற்று உற்றுப் பார்த்தால், அந்த அறைகளில் பெண்களைப் பணியவைத்த ஆயுதம் அவர்களுடைய பெயர். வீடு எது, பள்ளி எது, அப்பா யார் என்று தெரியும், சொல்லிவிடுவேன் என்பதுதான் மிரட்டல். அந்த விவரங்களில் ஒரு பகுதி, உள்ளூர் அரசு அலுவலகத்தில் பணியாற்றிய ஆட்கள் ஆவணங்களிலிருந்து எடுத்துக் கொடுத்தது. ஆண்களுக்குப் பெயரின்மையும் பெண்களுக்குப் பெயரும் பங்கிடப்பட்டிருந்தன; கொடுமை அந்தப் பங்கீட்டில் இருக்கிறது. அதை 2019இல் வெளியே கொண்டுவந்தவர்கள் இதழியல் படித்த இரண்டு மாணவிகள். தாங்கள் யாரென்று காட்டாமல் அந்த அறைகளுக்குள் நுழைந்து, சான்றுகளைத் திரட்டிக் காவல்துறையிடம் கொடுத்தார்கள். 'தீச்சுடர்' என்று பொருள்படும் குழுப்பெயரில் மட்டுமே எழுதினார்கள். அவர்களில் ஒருவர் 2022இல் அரசியலுக்கு வந்தபோதுதான் தன் பெயரை வெளியிட்டார். எப்போது சொல்வது என்பதை அவரே தீர்மானித்தார்.

அது கொரியா, நமக்கென்ன என்று விட முடியவில்லை. 2019இல் பொள்ளாச்சி வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறை உயரதிகாரி செய்தியாளர்களிடம் சொன்னார்; அரசாணையிலும் அது அச்சாகியது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை, அவருடைய விவரங்களோடு இணையத்தில் பரவியது. மீண்டும் உயர் நீதிமன்றம், மீண்டும் 25 லட்சம். இரண்டு பெண்களும் மொட்டைக் கடுதாசி எழுதவில்லை. சட்டம் கேட்டபடி பெயர் சொல்லித்தான் பேசினார்கள்.

"பதிவு செய்துகொள்வதில் என்ன கஷ்டம், ஒரு ஓடிபிதானே" என்று கேட்பவர்கள், அந்த ஓடிபி யார் கையிலிருக்கும் போனுக்கு வருகிறது என்று யோசிப்பதில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தானே பயன்படுத்தும் கைப்பேசி உள்ள பெண்கள் இந்தியாவில் சுமார் 54 சதவீதம். மற்றவர்களுக்குப் போன் என்பது கணவனுடையது, அண்ணனுடையது, அல்லது மாமியார் வைத்த இடத்தில் இருப்பது. கணவன் அடிக்கிறான், எங்கே போவது என்று ஒருத்தி கேட்க வேண்டுமென்றால், முதலில் அவனுடைய போனுக்குக் குறுஞ்செய்தி போகும். தனக்கென்று போன் வைத்திருக்கும், பெயரைச் சொன்னாலும் வேலை போகாத பெண்ணின் வசதியை அளவுகோலாக வைத்துத்தான் நம்மில் பலர் இந்த விதிகளை எழுதுகிறோம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம்கூட எழுத்துமூலமான புகாரைக் கேட்கிறது. பெயரை வெளியிடக் கூடாது என்று 16ஆம் பிரிவில் காப்பும் தருகிறது. ஆனால் புகாரை விசாரிக்கும் குழுவை அமைப்பது முதலாளி.

பெயரில்லாத பேச்சு எல்லாம் ஒன்றல்ல. கல்யாணத்தை நிறுத்திய கடுதாசியும் கங்னம் சுவரின் தாளும் கையெழுத்து இல்லாதவைதான். முதலாவது, பதில் சொல்ல வழியில்லாத பெண்மீது விழுகிறது. இரண்டாவது, பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களை நோக்கிப் பேசுகிறது. எழுதியது யார் என்ற கேள்வியால் இந்த வேறுபாட்டைப் பிடிக்க முடியாது. யார்மீது எழுதப்பட்டிருக்கிறது, அவளுக்கு என்ன ஆகும் என்று ஒவ்வொன்றையும் யாராவது உட்கார்ந்து படித்தாக வேண்டும்.

அதுதான் சிக்கல். வாசலில் பெயர் கேட்பது எளிது, இயந்திரமே செய்துவிடும். உள்ளே இருந்து படிப்பது, வசையை எடுத்துப் போடுவது, நடுங்கும் கையால் எழுதப்பட்டதை அடையாளம் கண்டு பதில் எழுதுவது எல்லாம் வேலை. நாள்முழுவதும் செய்யும் வேலை, வீட்டுவேலையைப் போலவே சம்பளமும் பேரும் இல்லாத வேலை. பெண்கள் நடத்தும் குழுக்களில் இது எப்போதும் இரண்டு மூன்று பேர் தலையில்தான் விழுகிறது. ஓராண்டில் அவர்கள் களைத்து விலகியதும் வாசலை மூடிவிடலாம் என்ற தீர்மானம் வருகிறது. கூட்டங்களில் இனி இந்தப் பேச்சு எழும்போது, பெயர் கேட்பதா வேண்டாமா என்பதற்கு முன்னால், இந்த வாரம் யார் யார் படிக்கப் போகிறோம், அவர்களுக்கு நாம் என்ன கொடுக்கப் போகிறோம் என்று முறை போட்டுவிட்டுத் தொடங்கலாம்.