திட்டமும் பயணமும்: ஐரோப்பிய நெடுவழி நூல்கள் பற்றிய ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

பயண நூல்களை ஆராயப் புகுவோர், பயணி கண்ட நாடுகளையும் அந்நாடுகளைப் பற்றி அவர் தரும் செய்திகளையும் தொகுத்துரைப்பதோடு பெரும்பாலும் அமைகின்றனர். செய்தி மிக்க நூல் சிறந்தது, செய்தி குறைந்தது தாழ்ந்தது என்னும் முடிபும் இதனால் எளிதிற் பிறந்துவிடுகின்றது. செய்தியே அளவுகோலாயின், ஊரும் தொலைவும் விடுதியும் நிரல்படக் கூறும் வழிகாட்டிக் கையேடே பயண இலக்கியத்துள் தலைமை பெறல் வேண்டும். அவ்வாறு கொள்வார் ஒருவரும் இலர். ஆகவே அளவுகோல் வேறொன்றாதல் வேண்டும். புறப்படுமுன் வகுத்த திட்டம் வழியில் யாதாயிற்று என்பதே அவ்வளவுகோல் என்பது எம் கருத்து. ஐரோப்பிய நாடுகள் பலவற்றை ஊடறுத்துச் சென்ற நெடும் பயணங்கள் மூன்றனைக் கொண்டு இதனை ஆராய்வாம்.

2. வழிகாட்டிக் கையேடுகள்

பல நாடுகளைக் கடக்கும் பயணத்திற்குத் திட்டம் வகுத்துத் தருதல் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் ஒரு தனிநூல் வகையாக வளர்ந்தது. இலண்டன் பதிப்பாளரான மூன்றாம் ஜான் மரே, ஹாலந்து, பெல்ஜியம், பிரஷ்யா, வட ஜெர்மனி ஆகிய பகுதிகளுக்குரிய கையேட்டினை 1836-இல் வெளியிட்டார். வழிகளுக்கு எண்ணிட்டு, இவ்வூரிலிருந்து இவ்வூர் வரை என்று பகுத்துரைப்பது அவர் முறை. பைரனின் நூல்களை வெளியிட்டவர் அவர்தம் தந்தையார். ஆதலின், உரிய இடங்களில் பைரனின் பாடற்பகுதிகளை மகனார் தம் கையேடுகளிற் சேர்த்தமை இயல்பேயாம். அதே காலத்தில் கோப்ளென்சு நகரத்துக் கார்ல் பெடேக்கர், ரைன் ஆற்றுப் பயணம் பற்றிய நூலொன்றைத் தம் உடைமையாக்கிப் புதுக்கி, தம் பெயரே நூல்வகையின் பெயராகுமாறு செய்தார். பயணியைக் கூலி வழிகாட்டிகளின் பிடியினின்று விடுவித்தலே அவருடைய நோக்கம். காணத்தக்கவற்றுள் சிறந்தவற்றை அவர் நூல்கள் விண்மீன் குறியிட்டுக் காட்டின.

இவற்றை நம் ஆற்றுப்படையொடு ஒப்பிடத் தோன்றுதல் இயல்பு. பரிசில் பெற்று மீள்வோன் பெறாதானை வழிப்படுத்தல் ஆற்றுப்படை எனத் தொல்காப்பியம் வரையறுக்கும். கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாம், நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு வழியிலுள்ள பன்றிப்பொறியையும், பாம்பு உறையும் குழியையும், கால் வழுக்கும் இடத்தையும், இரவில் தங்குமிடத்தையும், கிடைக்கும் உணவையும் 583 அடிகளில் எடுத்துரைக்கின்றது. செய்தி வகையால் இதுவும் ஒரு கையேடே. ஆயினும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. ஆற்றுப்படையில் உரைப்போன் அவ்வழி நடந்தவன். கேட்போனின் பசியை முன்பு தானும் பட்டவன். பெடேக்கர் நூலில் உரைப்போனின் முகம் தெரியாது. கேட்போனும் யாரோ ஒருவன். திட்டம் உண்டு, திட்டத்திற்கு உரியவன் இல்லை. கையேடு இலக்கியமாகாமைக்குக் காரணம் அதன்கண் செய்தி நிறைந்திருத்தலன்று, ஆள் இல்லாமையே என்பது இதனாற் பெறப்படும்.

3. கதேயின் மறைபொருள்

ஜெர்மானியப் பெரும்புலவர் கதே 1786 செப்டம்பர் 3-ஆம் நாள் விடியற்காலை மூன்று மணிக்குக் கார்ல்ஸ்பாது நகரினின்று அஞ்சல் வண்டியேறிப் புறப்பட்டார். நண்பரிடம் விடைபெறவில்லை, மோல்லர் என்னும் புனைபெயர் பூண்டார். ரேகன்ஸ்பர்க், மியூனிக், இன்ஸ்புருக், பிரென்னர் கணவாய், வெரோனா, வெனிசு வழியாக அக்டோபர் இறுதியில் உரோமை அடைந்தார். அவர் கையில் வோல்க்மன் எழுதிய இத்தாலி வழிநூல் இருந்தது. எனினும் அவருடைய உண்மைத் திட்டம் அந்நூலினின்று வந்ததன்று. அவர் தந்தையார் 1740-இல் இத்தாலி சென்று மீண்டவர். உரோமின் காட்சிப் படங்களை வீட்டுச் சுவரில் மாட்டி வைத்தவர். மகன் இளமை முதல் அப்படங்களைக் கண்டு வளர்ந்தார். திட்டம் தந்தை வழி வந்த உரிமைப் பொருளாக அமைந்தது.

இதனை உணர்ந்தாலன்றி அந்நூலின் ஒரு புதிர் அவிழாது. கலைநகராகிய பிளாரன்சில் கதே தங்கியது ஏறத்தாழ மூன்று மணி நேரமே. செய்தியை அளவாகக் கொள்வோர் இதனைக் குறை என்பர். திட்டத்தை அளவாகக் கொள்வோர்க்கோ, உரோமின்மீது அவர் கொண்ட வேட்கையின் அளவை இம் மூன்று மணி நேரமே காட்டும். இதற்கு மறுதலையாக, கார்தா ஏரியில் எதிர்க்காற்று படகைத் தள்ளியமையால் மால்சேசினே என்னும் சிற்றூரில் அவர் கரையேற நேர்ந்தது. அங்குப் பாழடைந்த கோட்டையை வரைந்தபோது, எல்லை கடந்து வந்த ஒற்றர் என ஊரார் ஐயுற்றனர். திட்டத்தில் இடம்பெறாத இவ்வூர், நூலில் பிளாரன்சினும் உயிர்த்துடிப்போடு நிற்கின்றது.

4. பெர்மரின் ஒற்றைக்கோடு

பாட்ரிக் லீ பெர்மர் பதினெட்டு அகவையில், 1933 டிசம்பரில், ஹாலந்தின் கடற்கரையினின்று கான்ஸ்டாண்டிநோபிள் வரை நடந்தே செல்லப் புறப்பட்டார். ரைன், தன்யூபு ஆறுகளைத் தழுவிச் செல்வது வழி. கிழமைக்கு ஒரு பவுன் செலவு. திங்கள்தோறும் நான்கு பவுன் வழியிலுள்ள அஞ்சலகத்தில் காத்திருக்கும். இவ்வளவே திட்டம். நிலப்படத்தில் ஒரு கோடு போலும் எளிமை உடையது அது.

ஆனால் முதற்பகுதி 1977-இலும் இரண்டாம் பகுதி 1986-இலுமே வெளிவந்தன. பயணத்திற்கும் முதல் நூலிற்கும் இடையே நாற்பதாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி. இதற்கிடையே உலகப் போர் நிகழ்ந்தது. அவர் பனியில் நடந்த ராட்டர்டாம் 1940 மே மாதத்தில் குண்டுவீச்சால் அழிந்தது. இளைஞன் முன்னோக்கி நடக்கின்றான். முதியவர் பின்னோக்கி எழுதுகின்றார். திட்டமிட்டவனுக்குத் தெரியாத அழிவு, எழுதுபவர்க்குத் தெரியும். அந்நூலின் அவலச்சுவை இவ்விரு அறிவுகளின் இடைவெளியிற் பிறப்பது. மூன்றாம் பகுதி அவர் மறைந்த பின் 2013-இல் வெளிவந்தது. அதன்கண் நடைப்பயணம் பற்றிய உரை கான்ஸ்டாண்டிநோபிளை எட்டாமலே, இடையில் முறிந்து நிற்கின்றது. கால்கள் 1934-ஆம் ஆண்டின் இறுதியில் அடைந்த நகரை எழுதுகோல் இறுதி வரை அடையவில்லை.

5. பூவியேயின் பற்றாக்குறை

சுவிட்சர்லாந்தினரான நிக்கோலா பூவியே, 1953-இல் ஒரு சிறிய பியட் காரில் ஜெனீவாவினின்று புறப்பட்டு, பெல்கிரேடில் ஓவியர் தியெரி வெர்னேயுடன் சேர்ந்தார். யூகோசுலாவியா, கிரேக்கம், துருக்கி, ஈரான் வழியாக 1954 டிசம்பரில் கைபர் கணவாயை எட்டியதோடு அவர் நூல் முடிகின்றது. அது 1963-இல் வெர்னேயின் ஓவியங்களுடன் வெளிவந்தது. இரண்டாண்டுக் காலமும் நான்கு திங்களுக்குரிய பணமுமே அவர்கள் கைப்பொருள். கணக்கறிந்தார் எவரும் இதனைத் திட்டம் என ஒப்பார். ஆயினும் இப் பற்றாக்குறையே நூலை ஆக்கியது. ஓவியம் விற்றும், கட்டுரை எழுதியும், மொழி கற்பித்தும் பொருளீட்ட வேண்டியிருந்தமையால், ஊர்தோறும் அவர்கள் நெடுநாள் தங்க நேர்ந்தது; குளிர்காலம் முழுவதும் தப்ரீசு நகரில் கழிந்தது. தங்கியமையால் மனிதரை அறிந்தனர். செல்வம் நிறைந்த பயணிக்குக் கிட்டாத அறிவு இஃது.

6. தடையும் விடையும்

‘திட்டம் சிதைந்தவிடத்தே இலக்கியம் பிறக்குமாயின், திட்டமின்றிச் செல்வதே சாலச் சிறந்ததன்றோ?’ என வினவலாம். அன்று. உரோம் என்னும் குறி இன்றேல், மால்சேசினே வழியில் வந்த பல ஊர்களுள் ஒன்றாகுமேயன்றி இடையூறாகத் தோன்றாது. கோடு இருந்தாலன்றிக் கோட்டினின்று விலகுதல் என்பது இல்லை. திட்டம் பயணியின் விருப்பத்தைக் காட்டும். வழி உலகின் இயல்பைக் காட்டும். இரண்டும் மோதுமிடத்தே பயணியின் உள்ளம் வெளிப்படும்.

7. முடிபு

இக்காலத்தே கைப்பேசியின் நிலப்படம் மிகக் குறுகிய வழியை நொடியில் வகுத்துத் தருகின்றது; தவறிய வழியையும் உடனே திருத்திவிடுகின்றது. பெடேக்கரின் முகமற்ற குரல் அதன்கண் நிறைவெய்தியது எனலாம். இந்நிலையில், பயண நூல் செய்தி தருவதால் நிலைபெறும் எனக் கருதுதல் இனிப் பொருந்தாது. தமிழில் எழுந்த பயண நூல்களை ஆராயும் மாணாக்கரும், கண்ட நாடுகளின் பட்டியலோடு நில்லாது, ஆசிரியர் யாது கருதிப் புறப்பட்டார், எதனை விடுத்தார், எங்கே தடைப்பட்டார், திட்டம் மாறியபோது தாமும் மாறினாரா என்னும் நான்கு வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். இவற்றிற்கு விடை தரும் நூலை இலக்கியமாகப் போற்றுவோம். விடை தாராத நூலைக் கையேடுகளின் வரிசையிலே பயன் நோக்கி வைப்போம்.