ஒரு துவக்கு, மூன்று ரவைகள்

இந்திய அமைதிப்படை 1987இல் இலங்கையின் வன்னிக்குள் வந்தபோது அதன் சிப்பாய்களில் பெரும்பாலானோர் சுமந்தது எஸ்.எல்.ஆர். துவக்கு. ரவை 7.62×51 மில்லிமீற்றர், கூட்டில் இருபது ரவைகள், விசையை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு வெடி. வெட்டவெளியில், தூரத்து இலக்குக்கு அது நம்பகமான ஆயுதம். ஒட்டுசுட்டானுக்குத் தென்கிழக்கே நித்திகைக்குளம் காட்டில் அந்தத் தூரம் கிடைக்காது. எதிரில் நின்ற விடுதலைப் புலிகளிடம் இருந்தவை ஏ.கே. வகை: 7.62×39 ரவை, முப்பது கொள்ளும் கூடு, தொடர்ச்சூடு. 1990களின் தொடக்கத்தில் இந்தியாவும் ஏ.கே. வகைத் துவக்குகளை வெளிநாட்டிலிருந்து வாங்கியது. அதே காலத்தில் 5.56×45 ரவைக்காக இன்சாஸ் என்ற சொந்தத் துவக்கையும் உருவாக்கிக்கொண்டிருந்தது. ஒரே படைக்குள் இரண்டு ரவைகள் குடியேறியது இப்படித்தான்.

1999 கார்கில் போரில் இன்சாஸின் குறைகள் வெளியே வந்தன. கடுங்குளிரில் பிளாஸ்ரிக் ரவைக்கூடுகள் விரிசல் விட்டன, துவக்கு அடைத்துக்கொண்டது. காஷ்மீரில் கிளர்ச்சி ஒடுக்கலில் இருந்த படையினர் ஏ.கே.யையே விரும்பினார்கள். எந்த ரவை வேண்டும் என்ற கேள்விக்கு இராணுவம் பதில் சொல்லவில்லை. 2011இல் இரண்டுமே வேண்டும் என்று கேட்டது: குழலை மாற்றினால் 5.56 ரவையும் 7.62×39 ரவையும் சுடும் ஒரே துவக்கு. பெரேட்டா, கோல்ட், செக் நாட்டின் சி.இஸட்., இஸ்ரேலின் ஐ.டபிள்யூ.ஐ. ஆகியவை சோதனைக்கு வந்தன. 2015இல் அந்தக் கேள்விப்பத்திரமே இரத்தானது. பூனேயிலுள்ள இந்தியப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் ஆயுத ஆய்வகம் தன் பங்குக்கு மூன்று ரவைகளுக்கான முன்மாதிரியைச் செய்தது, மூன்றாவது 6.8×43. அதுவும் படையின் கைக்குப் போகவில்லை.

இந்த யோசனையில் உயிருள்ள பகுதி ஒன்று உண்டு. அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். உடல், விசைத்தொகுதி, பிடி, அடிக்கட்டை எல்லாம் ஒன்றாக இருந்தால் சிப்பாய்க்கு ஒரே பயிற்சி போதும். இருட்டிலும் பாதுகாப்பு விசை எங்கே என்று விரலுக்குத் தெரியும். படைக்கலத் திருத்துநர் ஒரே வகை உதிரிப்பாகத்தை வைத்திருந்தால் போதும். தொழிற்சாலைக்கு அச்சும் அளவுகோலும் பெரும்பாலும் ஒன்றே.

சிக்கல் ரவையில்தான் இருக்கிறது. 5.56 கோதின் அடிவிட்டம் சுமார் 9.6 மில்லிமீற்றர், 7.62×39 கோதுக்கு 11.3. அந்த அடியைப் பிடித்து இழுக்கும் பூட்டின் முகம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க முடியாது. ஆகவே குழலோடு பூட்டும் மாற வேண்டும். ஏ.கே. ரவை கூம்பிப் போவது. அடுக்கினால் தானாக வளையும். ஏ.கே. கூட்டின் வளைவு அதனால் வந்தது. 5.56 கூட்டில் அது ஒழுங்காக ஏறாது. எனவே கூடும் மாற வேண்டும். குழலைக் கழற்றிப் பூட்டினால் குறி சற்றே விலகும். குறியைச் சரிசெய்ய மீண்டும் சுட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு ரவைகளும் பறக்கும் பாதை வேறு என்பதால் குறிகாட்டியையும் திருத்த வேண்டும். இத்தனையையும் போர்முனையில் யார் செய்வது? மாற்றுக் குழலும் பூட்டும் சிப்பாயின் பையில் ஏறினால், இலகுவான துவக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. அவை பின்தளத்தில் இருந்தால், முழுத் துவக்கையே மாற்றிக் கொடுப்பது மலிவு.

ரவையின் பாரம் சிறிய விஷயமல்ல. 5.56 ரவை ஒன்று ஏறக்குறைய 12 கிராம், 7.62×51 அதன் இரட்டிப்பு. 300 ரவைகள் என்றால் 3.6 கிலோவுக்கும் 7.2 கிலோவுக்கும் உள்ள வேறுபாடு, 7.62×39 இடையில், ஐந்து கிலோவை நெருங்கி நிற்கும். எந்த ரவை என்று முடிவெடுப்பவர், ஒரு மனிதன் எவ்வளவு தூரம் நடப்பான், எத்தனை தடவை சுடுவான் என்பதையும் சேர்த்தே முடிவெடுக்கிறார். அந்த முடிவைத் தள்ளிப்போட ஒரு பொறியைக் கேட்டதே அடிப்படைத் தவறு என்பது என் கருத்து.

அமெரிக்கச் சிறப்புப் படைகளும் இந்த வழியில் நடந்து பார்த்தவை. பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்தின் ஸ்கார் குடும்பத்தில் 5.56க்கும் 7.62×51க்கும் உறவுடைய இரண்டு துவக்குகளைத் தெரிந்தெடுத்தார்கள். 2010இல் 5.56 வடிவத்தின் கொள்வனவை நிறுத்தி, பெரியதை வைத்துக்கொண்டார்கள். கையில் ஏற்கெனவே நல்ல 5.56 துவக்கு இருந்தது.

சரியாகக் கையாண்டவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள். இஸ்ரேலின் கலில் ஏஸ் ஒரே அடிப்படை வடிவம். ஆனால் ஒவ்வொரு துவக்கும் ஒரே ரவைக்கு என்று தொழிற்சாலையிலேயே தீர்மானிக்கப்பட்டு வெளிவருகிறது. ஏ.கே. ரவைக் கையிருப்பு நிறைந்த வியட்நாம் 7.62×39 வடிவத்தைத் தன் மண்ணிலேயே செய்கிறது. கொலம்பியா 5.56 வடிவத்தைச் செய்கிறது. பலவகை ரவை என்ற யோசனையின் பயன் தொழிற்சாலை வாசலோடு முடிந்துவிட வேண்டும். சிப்பாயின் கைக்கு அது வரக்கூடாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இரண்டு ரவை கேட்டதற்குப் பின்னால் இருந்த நியாயம், வழக்கமான போருக்கு ஒன்று, உள்நாட்டுக் கிளர்ச்சியை அடக்க மற்றொன்று என்பது. எல்லையில் நிற்கும் எதிரியைக் காயப்படுத்தினாலே போதும், அவனைத் தூக்க இன்னும் இருவர் வருவார்கள். கிளர்ச்சிக்காரன் விழுந்தால் எழும்பக் கூடாது. இந்தக் கணக்கு ஆயுதச் சஞ்சிகைகளில் சாதாரணமாகப் பேசப்படுகிறது. கிளர்ச்சி ஒடுக்கல் நடக்கும் இடங்களில் தோட்டம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, குடிசைச் சுவர் இருக்கிறது. ஒட்டுசுட்டான் 1998, 1999, 2009 என்று மூன்று தடவை கைமாறிய ஊர். ரவை எதை ஊடுருவும் என்பதை இங்குள்ளவர்கள் சுவரிலும் மரத்திலும் பார்த்தவர்கள். அந்தக் கணக்கில் சுவருக்குப் பின்னால் இருப்பவருக்கு ஒரு வரியும் இல்லை. பொறியியல் குறையைவிட இந்தக் குறையே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இந்திய இராணுவம் பிறகு 7.62×51க்குத் திரும்பியது. 2019இல் 72,400 சிக் சௌவர் துவக்குகள் வாங்கப்பட்டன. 7.62×39 ரவைக்கு ரஷ்யாவோடு சேர்ந்து அமேதியில் ஏ.கே.-203; 2021 ஒப்பந்தப்படி ஆறு இலட்சத்துக்கும் மேல். திருச்சித் துவக்குத் தொழிற்சாலையும் அதே ரவைக்குச் சொந்தமாக ஒன்றைச் செய்தது. 2024இல் பூனே ஆய்வகம் 7.62×51க்கு உக்ரம் என்ற புதிய துவக்கைக் காட்டியது. இன்சாஸும் இன்னும் முழுதாக ஓய்வு பெறவில்லை. 5.56, 7.62×39, 7.62×51 ஆகிய மூன்று ரவைகளும் இன்று அதே படைக்குள் இருக்கின்றன, வெவ்வேறு துவக்குகளில், வெவ்வேறு உதிரிப்பாகங்களோடு. பூனே முன்மாதிரியின் உடலை வைத்துக்கொண்டு, குழல் மாற்றும் நிபந்தனையை மட்டும் 2015இல் கைவிட்டிருந்தால், இவற்றில் இரண்டையாவது ஒரே குடும்பமாகச் செய்திருக்க முடியும்.