இருபத்தொரு பாட்டுத் தூரம்

2020 நவம்பர் 13, தீபாவளிக்கு முதல் நாள். ஊரடங்கு தளர்ந்தும் தளராத காலம். மொட்டை மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டே, அன்று வெளியாகியிருந்த ராப்பர் ஈசாப் ராக்கின் 'ஸ்பிரிட் வேர்ல்ட் ஃபீல்ட் கைட்' ஆல்பத்தை முதல் முறையாகக் கேட்டேன். 21 பாட்டுகள், ஏறக்குறைய 64 நிமிடம். பக்கத்துத் தெருவில் சரவெடி. காதுக்குள் ஒரு மனிதர் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார். பாதியில் என் கவனம் நழுவியது, பிறகு திரும்பி வந்தது, மறுபடி நழுவியது. முடிந்தபோது பிடித்ததா என்று எனக்கே தெரியவில்லை. உடனே மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை: நீளமான ராப் ஆல்பத்தை எதை வைத்து எடை போடுவது?

நீளம் இந்தக் கலைக்குப் புதிதில்லை. இசைத்தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்துக்கு இருபத்திரண்டு நிமிடம் போல, அதற்குள் முடித்தாக வேண்டும். குறுந்தகடு வந்து 74 நிமிடம் கையில் கிடைத்ததும் ராப்பர்கள் அதை நிரப்பத் தொடங்கினார்கள். ஒன்று போதாமல் இரண்டு தகடு போட்டார்கள். 1996இல் டூபாக்கின் 'ஆல் ஐஸ் ஆன் மீ', 1997இல் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் 'லைஃப் ஆஃப்டர் டெத்', அதே ஆண்டு வூ-டாங் கிளானின் 'வூ-டாங் ஃபாரெவர்', மூன்றும் இரட்டைத் தகடுகள். ஆள் பலம், பண பலம், பேர் எல்லாம் சேர்ந்த நீளம் அது. பிறகு ஸ்ட்ரீமிங் வந்தது. 2014 கடைசியிலிருந்து பில்போர்டு தரவரிசை 1,500 முறை பாட்டு ஓடினால் ஓர் ஆல்பம் விற்றதாகக் கணக்கு வைக்க ஆரம்பித்தது. பாட்டு எண்ணிக்கை கூடினால் கணக்கும் கூடும். 2018இல் மிகோஸின் 'கல்ச்சர் டூ' 24 பாட்டும் டிரேக்கின் 'ஸ்கார்ப்பியன்' 25 பாட்டுமாக வந்தன. அவற்றில் நல்ல பாட்டுகள் இருக்கின்றன. ஆனால் பதினெட்டாவது பாட்டு ஏன் பதினெட்டாவதாக இருக்கிறது என்று கேட்டால் அந்த ஆல்பங்களிடம் பதில் கிடையாது.

அண்டர்கிரவுண்ட் ராப் அந்த நேரத்தில் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தது. 2018இல் ஏர்ல் ஸ்வெட்ஷர்ட்டின் 'சம் ராப் சாங்ஸ்' 15 பாட்டையும் 25 நிமிடத்துக்குள் முடித்தது. சுருக்கமே நேர்மை என்று ரசிகர்கள் நம்பத் தொடங்கிய வேளையில்தான், 44 வயதான ஒருவர் வேறொரு ராப்பரைத் துணைக்குக் கூப்பிடாமல், இசையையும் பெரும்பாலும் தானே அமைத்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் தன் ஒற்றைக் குரலையே நம்பி ஓர் ஆல்பத்தை இறக்கினார்.

ஈசாப் ராக்கின் இயற்பெயர் இயன் பாவிட்ஸ். 1976இல் பிறந்து நியூயார்க்கின் லாங் ஐலண்டில் வளர்ந்தவர். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்தவர். 1997இல் சொந்தக் காசில் முதல் ஆல்பம் போட்டார். 2001இல் டெஃபனிடிவ் ஜக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'லேபர் டேஸ்' அவரை அண்டர்கிரவுண்டின் பெரிய பெயராக்கியது. பிறகு மினியாபொலிஸின் ரைம்சேயர்ஸ் நிறுவனத்துக்கு வந்தார். 2014இல் மாட் டேனியல்ஸ் என்பவர் ராப்பர்கள் ஒவ்வொருவருடைய முதல் 35,000 வார்த்தைகளை எடுத்து, அதில் எத்தனை தனிச் சொற்கள் என்று எண்ணினார். ஈசாப் ராக் 7,392 சொற்களோடு முதலிடத்தில் நின்றார். அதே அளவில் எடுத்த ஷேக்ஸ்பியரின் எண்ணிக்கை 5,170. இந்தக் கணக்கைக் காட்டித்தான் பலரும் அவரை அறிமுகப்படுத்துகிறார்கள். எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி இல்லை. அகராதியின் பருமனைப் பார்த்து யாரும் கவிதையை ரசிப்பதில்லை. ஆனாலும் நீள ஆல்பம் என்று வரும்போது அந்த எண்ணுக்கு ஒரு பயன் உண்டு. பெரும்பாலான ராப்பர்களுக்குப் பத்தாவது பாட்டில் பொருள்கள் தீர்ந்துபோகும். அதே கார், அதே சங்கிலி, அதே எதிரி. இவருக்குத் தீர்வதில்லை. எந்தப் பாட்டைத் திறந்தாலும் கையால் தொடக்கூடிய புதிய பண்டங்கள் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன.

அவருடைய செய்நேர்த்தியைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நம் யாப்பில் எதுகை இரண்டாம் எழுத்தைப் பிடிக்கும், மோனை முதலெழுத்தைப் பிடிக்கும், இயைபு கடைசியைப் பிடிக்கும். மூன்றிலும் மெய்யெழுத்துக்கு நல்ல மரியாதை உண்டு. ராப்பில் தேர்ந்தவர்கள் மெய்யை விட்டுவிட்டு உயிர்களின் வரிசையைப் பிடிப்பார்கள். 'விடிஞ்ச பிறகு' என்று ஒரு வரி முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது 'கிழிஞ்ச சிறகு'. இது நமக்குப் பழகிய ஓசை. மூன்றாவதாக 'இடிஞ்ச கிணறு' என்று வந்தால்? கடைசி எழுத்து மாறிவிட்டது. ஆனால் இ-இ-அ, இ-அ-உ என்ற உயிர்வரிசை மாறவில்லை. காது அதை உறவாகவே ஏற்றுக்கொள்கிறது. ஈசாப் ராக் இந்த மாதிரி நான்கைந்து அசை நீளமுள்ள சரடை எட்டு, பத்து வரிக்கு அறுபடாமல் இழுத்துப் போவார். வரியின் கடைசியில் மட்டுமல்ல, நடுவிலும் தொடக்கத்திலும் அது தலைகாட்டும். ஸ்னேர் டிரம்மின் அடி விழும் இரண்டாவது, நான்காவது தட்டுகளில் சில சமயம் சரியாக உட்காரும். சில சமயம் அரைத் தட்டு முந்திப் போய் நின்று காத்திருக்கும்.

திருப்புகழ் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமே இல்லை. அருணகிரிநாதரின் சந்தம் முதலில் உடம்பில் ஏறும். அர்த்தம் பிறகு, வருடக்கணக்கில் மெல்ல வரும். பாட்டியின் மடியில் கேட்டபோது ஒரு வார்த்தை புரிந்திருக்காது, ஆனால் தலை ஆடியிருக்கும். ஈசாப் ராக்கை முதல் தடவை கேட்கிறவர்கள் வரிகளைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதல் இரண்டு சுற்றும் அந்தக் கரகரத்த அடிக்குரலை ஒரு தாளவாத்தியமாகவே கேட்க வேண்டும். மூன்றாவது சுற்றில் வரிகளை எடுக்கலாம்.

இனி ஆல்பத்துக்கு. பெயரே சொல்வதுபோல இது ஒரு கள வழிகாட்டி, ஆவி உலகத்துக்குப் போகிறவனுக்கான கையேடு. தொடக்கம் ஒரு வரவேற்பு. இரண்டாவது பாட்டு 'தி கேட்ஸ்' வாசலைத் திறக்கிறது. கையேடு என்ற இந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்ததுதான் அவருடைய பெரிய சாமர்த்தியம் என்று நினைக்கிறேன். கதை சொல்லும் ஆல்பமாக இருந்தால் ஒவ்வொரு பாட்டும் கதையை நகர்த்தியாக வேண்டும். கையேட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு பக்கத்தில் எச்சரிக்கை, ஒரு பக்கத்தில் பயணக் குறிப்பு, இன்னொன்றில் காயத்துக்குக் கட்டுப்போடும் முறை. 'காஸ்' என்றே ஒரு பாட்டுக்குப் பெயர், கட்டுப்போடும் மெல்லிய துணி. 'பட்டன் மாஷர்', 'சைடு குவெஸ்ட்' என்ற தலைப்புகள் வீடியோ கேமிலிருந்து வந்தவை. 'ஃபிக்ஸ்ட் அண்ட் டைலேட்டட்' என்பது சாவு நெருங்கிய கண்மணியைப் பற்றி டாக்டர்கள் சொல்வது. விளையாட்டுச் சொல்லும் மருத்துவச் சொல்லும் ஒரே பட்டியலில் கிடப்பதைப் பார்த்தாலே இந்த ஊர் எப்படிப்பட்டது என்று பிடிபடத் தொடங்கும்.

இந்த ஆவி உலகம் உண்மையில் எங்கே இருக்கிறது? 'டாக் அட் த டோர்' கேளுங்கள். கதவருகே நாய். வெளியே ஏதோ இருக்கிறது. காற்றா, மிருகமா, ஆளா? நடப்பது அவ்வளவுதான். ஆனால் ஒரு சின்னச் சத்தத்தைச் சந்தேகம் எப்படி ஊதி ஊதிப் பெரிதாக்குகிறது என்பதை அவர் படிப்படியாகக் காட்டுகிறார். பீட் அவசரப்படுவதில்லை, பயம் மட்டும் வேகம் பிடிக்கிறது. அந்தக் கதவு நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. 'பீட்சா ஆலி' பெரு நாட்டில் அலைந்த அனுபவம். தலைநகர் லிமாவின் மிராஃபுளோரஸ் பகுதியில் பீட்சாத் தெரு என்றே ஊரார் சொல்லும் சந்து ஒன்று உண்டு. தூர தேசத்துப் பயணம் என்றதும் ஞானம் கிடைத்த கதையை எதிர்பார்ப்போம். அவர் தருவது பார்த்தவையும் தின்றவையும் உடம்பு பட்ட பாடும்தான். ஆல்பத்தின் மிகப் பெரிய மனசு அந்தப் பாட்டில் இருக்கிறது.

பதினைந்தாவது பாட்டு 'ஒன் டு டென்' மிகச் சின்னது, முதுகுவலியைப் பற்றியது. வலி எவ்வளவு, ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்று மருத்துவமனையில் கேட்பார்களே, அந்தக் கேள்வி. பதினான்கு பாட்டுகளாக மாயவாசல், பளிங்கு வாள், குதிக்கும் சவப்பெட்டி என்று போய்க்கொண்டிருந்த ஆள், திடீரென்று நடுவயதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் மாடியில் அந்த இடத்தில் நின்றுவிட்டேன். வேற்றுலகம் என்று இதுவரை சுற்றியதெல்லாம் இந்த உடம்புதானோ என்ற எண்ணம் அங்கேதான் முதலில் தட்டுப்பட்டது. இரண்டு பாட்டு தள்ளி 'கொடோகுஷி' வருகிறது. ஜப்பானில் தனியாக வாழ்ந்தவர் தனியாகவே இறந்து, நாள்கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடப்பதைக் குறிக்கும் சொல் அது. 2020இல் வீட்டுக்குள் அடைந்து கிடந்த யாரும் அந்தத் தலைப்பை வெறுமனே தாண்டிப் போயிருக்க முடியாது.

நீள ஆல்பத்துக்கு நான் கண்டுகொண்ட அளவுகோல் இதுதான். பதினேழாவது பாட்டை எட்டும்போது, முதல் பாட்டைக் கேட்ட காது மாறியிருக்க வேண்டும். 'கொடோகுஷி'யை மட்டும் தனியே எடுத்துக் கேட்டால் அது திறமையான இன்னொரு ஈசாப் ராக் பாட்டு. பதினாறைக் கடந்து அங்கே போய்ச் சேர்ந்தால் நெஞ்சில் கல் வைத்தது போல இருக்கிறது. இடையில் நடந்த தூரம்தான் அந்தக் கனத்தைக் கொடுத்தது.

குறை இல்லையா? இருக்கிறது, சின்னதும் இல்லை. 'கவரால்ஸ்' தொடங்கி 'ஃப்ளைஸ்' வரைக்கும் ஒரு நீட்சி, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு. 'ஜம்பிங் காஃபின்' துள்ளலாக இருப்பதால் கொஞ்சம் தப்பிக்கிறது. மற்றபடி ஒரே வேகம், ஒரே அழுத்தம், பேஸும் டிரம்ஸும் ஒரே அடர்த்தி. இவருடைய வரிகளில் காற்று புக இடமே இருக்காது. அந்த அடர்த்தி பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் மாறாமல் தொடர்ந்தால் காது சோர்ந்து, குரல் வெறும் இரைச்சலாகத் தேய்ந்துவிடுகிறது. வேறொரு குரல் எட்டு வரிக்கு வந்து போயிருந்தால் போதும். அல்லது வார்த்தையே இல்லாத ஒரு நிமிடம். 2016இல் வந்த 'தி இம்பாசிபிள் கிட்' 15 பாட்டு, 48 நிமிடம். அதிலும் குரலும் இசையும் அவருடையவைதான். ஆனால் தன் சகோதரர்களைப் பற்றி, வளர்த்த பூனையைப் பற்றி, கைவிட்டுப்போன ஓவியத்தைப் பற்றி என்று பாட்டுக்குப் பாட்டு ஒரு முகம் தெரிந்தது. கைபிடித்து அழைத்துப்போகும் ஆல்பம் அது. புதிதாக வருகிறவர்களுக்கு இன்றும் அதைத்தான் முதலில் கொடுப்பேன்.

அதனால் ஒரு நாள் நானே கத்திரிக்கோலை எடுத்தேன். சோர்வு தரும் பாட்டுகளை நீக்கி 16 பாட்டில் ஒரு பட்டியல் போட்டேன். 50 நிமிடத்துக்குள் அடங்கியது. முதல் பாதி கச்சிதமாகப் போனது, எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. 'ஒன் டு டென்' வந்தது. சின்னதாக, சாமர்த்தியமான துணுக்காகக் கடந்து போய்விட்டது. அது வலிக்கவே இல்லை. நான் அலுத்துப்போய் நடந்த அந்த நான்கு பாட்டுத் தூரம்தான், அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என்னையும் கூடவே நிற்க வைத்திருக்கிறது.

பட்டியலை அழித்துவிட்டேன். 'ஃப்ளைஸ்' மட்டும் எனக்கு இன்னும் வழிவிடவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் கவனம் எங்கேயோ போய்விடுகிறது, அடுத்து 'சால்ட்' வந்த பிறகுதான் மறுபடி வந்து சேர்கிறேன்.