அழுகைக்கு ஒரு பருவம் இல்லை

பிள்ளைத்தமிழ் மீது எனக்கு ஒரு வழக்கு உண்டு. குழந்தைக்குப் பத்துப் பருவம் வகுத்த மரபு, அழுகைக்கு அதில் ஒன்றைக்கூட ஒதுக்கவில்லை.

காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி. இந்த ஏழும் பொது. ஆண் பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண் பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்றும் கடைசி மூன்று மாறும். பாட்டியல் சொல்லும் ஒரு கணக்கு 3ஆம் மாதத்தில் தொடங்கி ஒற்றைப்படை மாதங்களாகவே 21 வரை போகிறது. விமான நிறுவனங்களின் கணக்கும் கிட்டத்தட்ட இதுதான். 24 மாதம் நிறையாத பிள்ளை மடியில் வரலாம்; வெளிநாட்டுப் பயணமென்றால் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு. அதன்பிறகு தனி இருக்கை. மடிப்பிள்ளை எதுவரை என்பதில் புலவருக்கும் டிக்கெட் விற்பவருக்கும் மூணு மாசம்தான் வித்தியாசம்.

சேலம், நாமக்கல் சமவெளிக்காரர்களுக்குத் தூரம் புதுசு இல்லை. நாமக்கல் லாரியும் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியும் போகாத மாநிலம் குறைவு. ஆனால் அவற்றில் போனவர்கள் ஆண்கள். தொட்டில் வீட்டு விட்டத்திலேயே தொங்கியது. இப்போது தொட்டிலும் கிளம்பிவிட்டது. ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் விமான நிலையம் இருந்தாலும், அமெரிக்கா போக நாங்கள் காரில் பெங்களூரு போய்த்தான் ஏறுகிறோம். ஏழு மாத மகளோடு நான் அப்படிக் கிளம்பியபோது அம்மாயி கேட்டது ஒன்றுதான்: “ஏங்கண்ணு, அங்க தொட்டில எதுல கட்டுவ?”

சரியான கேள்வி. முன்வரிசை இருக்கைக்கு எதிர்ச்சுவரில் பாசினெட் என்று ஒன்றை மாட்டித் தருவார்கள். முன்பே சொல்லி வைக்க வேண்டும், பிள்ளையின் எடைக்கும் வரம்பு உண்டு. விமானம் குலுங்கி சீட் பெல்ட் விளக்கு எரிந்தால், தூங்கும் பிள்ளையை எழுப்பித் தூக்கி மடியில் பெல்ட் போட்டுக்கொள்ள வேண்டும். நம் தொட்டில் ஆடினால் பிள்ளை தூங்கும். இது ஆடினால் பிள்ளையை வெளியே எடுக்கச் சொல்வார்கள்.

ஏழாம் மாதம் என்பது அந்தக் கணக்குப்படி தால் பருவம், தாலாட்டுக்குரிய பருவம். குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் நான் வாய்விட்டுப் படிக்கும் நூல். அதன் சந்தத்துக்கு இன்றைக்கும் மயங்குகிறேன். ஆனாலும் நடுராத்திரி, விமான நடைபாதையில் அலறும் பிள்ளையோடு நின்றபோது அதிலிருந்து ஒரு சொல்கூட உதவிக்கு வரவில்லை. காரணம் எளிது. அங்கே பிள்ளை தெய்வம், இல்லாவிட்டால் அரசன். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பிள்ளையாக்கிப் பாடியது இரண்டாம் குலோத்துங்க சோழனை. அப்படிப்பட்ட பிள்ளையைச் சுமந்து யாருக்கும் கை கடுப்பதில்லை.

இந்த மரபுக்கு முன்னோடியான பெரியாழ்வார் அப்படி இல்லை. அவருடைய யசோதை நேராகவே புலம்புகிறாள்: தொட்டிலில் போட்டால் அது கிழியும்படி உதைக்கிறான், எடுத்தால் இடுப்பு ஒடிகிறது, எனக்குத் தெம்பில்லை என்கிறாள். பின்னால் வந்த இலக்கணம் அவரிடமிருந்து நிலாவை எடுத்துக்கொண்டது, சப்பாணியை எடுத்துக்கொண்டது. அந்த இடுப்பு வலியை மட்டும் விட்டுவிட்டது.

நாட்டுப்புறத் தாலாட்டு அதை விடவில்லை. அழும் பிள்ளையிடம் யார் அடித்தது என்று கேட்கிறது. அத்தையா, மாமனா, பாட்டியா என்று வரிசையாக விசாரிக்கிறது. விமானத்தில் யாரும் அடிக்கவில்லை. இறங்கும்போது உள்ளே காற்றழுத்தம் ஏறுகிறது. பிள்ளையின் நடுக்காதிலிருந்து தொண்டைக்குப் போகும் குழாய் மிகக் குறுகல், அழுத்தம் சமமாகத் தாமதமாகிறது, காது வலிக்கிறது. பால் குடித்து விழுங்கினால் கொஞ்சம் தேவலை. தாலாட்டுக்கு இந்த விஞ்ஞானம் தெரியாதுதான். ஆனால் அழுகைக்கு ஒரு காரணம் இருக்கிறது என்று அது நம்புகிறது. திரும்பித் திரும்பி முறைக்கும் முன்சீட்டுக்காரருக்கு அந்த நம்பிக்கை இல்லை.

இன்னொன்றையும் அங்கேதான் கவனித்தேன். தாலாட்டில் வரும் உறவுகளின் பட்டியல் வீட்டில் பாடும்போது விளையாட்டு. பெயர் சொன்னால் அந்த ஆள் எட்டிப் பார்ப்பார். விமானத்தில் அதே பட்டியலைப் பாடினால், வராதவர்களின் பெயர்களாகவே வருகின்றன. பிள்ளைக்குத் தூக்கம் வருவதற்கு முன்னால் பாடுகிறவளுக்குத் தொண்டை அடைக்கிறது.

நான் வாசித்த புலம்பெயர் கதைகளில் பெரும்பாலும் விமானம் ஒரு வரிதான். ஒரு பத்தியில் ஊர், அடுத்த பத்தியில் பனி. இடையில் இருக்கும் இருபது மணி நேரத்தை, மடியில் பிள்ளையோடு கடந்தவள் எழுதவில்லை. எழுத அவளுக்குக் கை ஓய்ந்திருக்காது. இப்போதாவது யாராவது பதினோராம் பருவம் ஒன்று எழுதுங்கள். அழுகைப் பருவம். பாட்டுடைத் தலைவி பிள்ளையாகத்தான் இருக்கணும்னு இல்லை. தூக்கிக்கொண்டு நிற்கிறவளாக இருந்தாலும் சரி.