யாரைக் காப்பாற்றுகிறார்கள்?

சாம் ரைமி இயக்கி 2004இல் வந்த ‘ஸ்பைடர்மேன் 2’ படத்தின் ரயில் காட்சியைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். நியூயார்க்கின் உயர்தடத்தில் ஒரு ரயில் தறிகெட்டு ஓடுகிறது. முகமூடி இல்லாத பீட்டர் பார்க்கர் முன்பெட்டியின் முகப்பில் நின்று, இருபுறக் கட்டடங்களிலும் வலை வீசி அதை இழுத்துப் பிடிக்கிறான். உடை கிழிகிறது, முகம் வலியில் கோணுகிறது. தடம் முடியும் இடத்தில் ரயில் நிற்கிறது. மயங்கிச் சரிபவனைப் பயணிகளின் கைகள் பிடித்துக்கொள்கின்றன. தலைக்கு மேலே ஏந்திப்போய்ப் பெட்டிக்குள் கிடத்துகின்றன. இவன் வெறும் பையனாயிற்றே என்று ஒருவர் திகைக்கிறார். அவன் தவறவிட்ட முகமூடியைச் சிறுவர்கள் இருவர் கொண்டுவந்து கொடுத்து, யாரிடமும் சொல்ல மாட்டோம் என்கிறார்கள்.

சூப்பர் ஹீரோ படங்களின் ஈர்ப்பு எங்கே இருக்கிறது என்பதற்கு எனக்கு இதைவிடத் தெளிவான சான்று தெரியாது. காப்பாற்றுகிறவனுக்கு வலிக்கிறது, காப்பாற்றப்படுகிறவர்களுக்கு முகம் இருக்கிறது. ரிச்சர்ட் டானரின் ‘சூப்பர்மேன்’ (1978) இதே அடிப்படையில் நின்ற படம். ஹெலிகாப்டரிலிருந்து தவறி விழும் லோயிஸ் லேனை நடுவானில் ஏந்திக்கொள்ளும் கிறிஸ்டோபர் ரீவின் முகத்தில் பெருமிதம் இல்லை, கரிசனம்தான் இருக்கிறது. கிறிஸ்டோபர் நோலனின் ‘தி டார்க் நைட்’ (2008) இன்னும் ஒரு படி போனது. வெடிகுண்டு வைத்த இரண்டு படகுகள்; ஒன்றில் பொதுமக்கள், மற்றதில் கைதிகள். எதிர்ப் படகை வெடிக்கச் செய்யும் விசை ஒவ்வொரு படகிலும் இருக்கிறது. இரு தரப்பும் அதை அழுத்த மறுக்கின்றன. அந்த இரவின் பெரிய வீரம் பேட்மேனுடையது அல்ல.

அதே 2008இல்தான் மார்வெல் நிறுவனத்தின் ‘அயர்ன் மேன்’ வந்தது. மார்வெலின் புகழ்பெற்ற பாத்திரங்களின் திரைப்பட உரிமை அப்போது பிற நிறுவனங்களிடம் இருந்தது. ஸ்பைடர்மேன் சோனியிடம், எக்ஸ்மென் ஃபாக்ஸிடம். எஞ்சிய பாத்திரங்கள் சிலவற்றின் உரிமையை ஈடுவைத்து, மெரில் லிஞ்ச் வழியாக 52.5 கோடி டாலர் கடன் வசதி பெற்றுச் சொந்தமாகப் படமெடுக்க இறங்கியது மார்வெல். ‘அயர்ன் மேன்’ வந்த மறு ஆண்டே ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு அதை வாங்க டிஸ்னி முன்வந்தது. 2019இல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ உலகெங்கும் சுமார் 280 கோடி டாலர் வசூலித்தது.

பணம் பெருகியபோது ஆபத்தின் அளவும் பெருகியது. ஒரு பெண், ஒரு ரயில், ஒரு நகரம் என்று இருந்தது உலகமாகி, பிரபஞ்சமாகி, பல பிரபஞ்சங்களாகிவிட்டது. ‘இன்ஃபினிட்டி வார்’ (2018) முடிவில் உயிர்களில் பாதி புழுதியாகிறது. அயர்ன் மேனான டோனி ஸ்டார்க்கின் கைகளில் ஸ்பைடர்மேன் கரைந்துபோகும் காட்சி உண்மையாகவே உலுக்கியது. ஆனால் அடுத்த ஸ்பைடர்மேன் படம் முன்பே அறிவிக்கப்பட்டிருந்ததால், அவன் திரும்பி வருவான் என்பது அரங்கில் இருந்த பலருக்குத் தெரியும். சாவைத் திருப்பிப் பெறலாம் என்றான பிறகு எந்த இழப்புக்கு அழுவது? ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ (2013) வேறு வகையில் சறுக்கியது. மெட்ரோபோலிஸின் கட்டடங்கள் வரிசையாகச் சரிகின்றன. அவற்றுக்குள் இருந்தவர்களைப் பற்றி நாயகனுக்கும் கேமராவுக்கும் அக்கறை மிகக் குறைவு.

இந்தச் சரிவுக்குத் தயாரிப்பு முறையும் ஒரு காரணம். பெரிய சண்டைகள் பல, படப்பிடிப்புக்கு வெகு முன்பே கணினியில் முன்வடிவம் பெற்றுவிடுகின்றன. பிறகு வெளியீட்டுத் தேதி நெருங்கும்வரை மாற்றங்கள் வந்துகொண்டே இருக்கும். விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரே தொகைக்கு ஒப்பந்தம் செய்பவை என்பதால், அந்தச் சுமை இரவு பகலாக வேலை பார்க்கும் கலைஞர்கள் தலையில் விழுகிறது. 2023 செப்டம்பரில் மார்வெல் ஸ்டுடியோஸின் சொந்த விஷுவல் எஃபெக்ட்ஸ் பணியாளர்கள் தொழிற்சங்கத்தில் சேர ஒருமனதாக வாக்களித்தார்கள். அது வெகு காலம் முன்பே நடந்திருக்க வேண்டும்.

திரையில் இந்தத் தயாரிப்பு முறையின் விளைவைப் பார்க்க ‘பிளாக் பேந்தர்’ (2018) போதும். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் சூப்பர் ஹீரோ படம் அது. மைக்கேல் பி. ஜோர்டனின் கில்மோங்கர் முன்வைக்கும் கேள்வி கனமானது: இவ்வளவு வளம் கொண்ட வக்காண்டா, வெளியே துன்புற்ற கறுப்பின மக்களுக்கு ஏன் உதவவில்லை? அந்த வாதத்தின் உச்சத்தை, நிலத்தடி ரயில் தடத்தில் எடையே இல்லாத இரண்டு கணினி உருவங்களின் மோதலாக்கிவிட்டார்கள். சண்டை ஓய்ந்ததும் இருவரும் சூரியன் மறைவதைப் பார்க்கிறார்கள். நடிகர்களின் முகங்கள் திரும்பி வருகின்றன, படமும் உயிர்பெறுகிறது.

மார்வெல் படங்கள் சினிமாவே அல்ல, கேளிக்கைப் பூங்காக்கள் என்று 2019இல் மார்ட்டின் ஸ்கார்செஸி சொன்னபோது பெரும் சர்ச்சை எழுந்தது. திரையரங்குகளை இவை அடைத்துக்கொள்வதால் மற்ற படங்களுக்கு இடம் குறைகிறது என்ற அவருடைய கவலை நியாயமானது. முழு வகையையும் தள்ளிவிடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஜேம்ஸ் மேன்கோல்டின் ‘லோகன்’ (2017) இருக்கிறதே! நரைத்த தாடி, ஆறாத காயங்கள், மறதி நோயால் தளர்ந்த ஆசானைத் தூக்கிச் சுமக்கும் கைகள். பத்தாண்டுகளுக்கு மேலாக நாம் பார்த்துப் பழகிய ஹ்யூ ஜேக்மேனின் உடல் முதுமையில் தடுமாறுவதே அங்கே கதை. இந்த வகையின் மற்ற படங்களோடு ஒப்பிட்டால் அதன் செலவும் குறைவு.

ஜேம்ஸ் கன்னின் ‘சூப்பர்மேன்’ (2025) இந்தத் திசையில் பாதி வழி வந்திருக்கிறது. ராட்சத விலங்கோடு போராடும் நடுவிலும் நாயகன் ஓர் அணிலை எடுத்துப் பத்திரமான இடத்தில் விடுகிறான். பார்த்தபோது மனம் நிறைந்தது. பிறகு அதே படத்திலும் நகரம் இரண்டாகப் பிளக்கிறது, கட்டடங்கள் சரிகின்றன.